மூன்று முறை முதல் மந்திரியான அஜய் பாபு

யுத்தமும் தேர்தலும் பின்னிய ஒரு வாழ்க்கை

வங்காளத்துக்குப் பிழைக்க வந்த நம்மவர்களில் டாக்டர் பிதான் சந்திர ராயின் பெயரை அறியாதவர் இல்லை. ஜோதி பாசுவையும் எல்லோருக்கும் தெரியும். இந்த இருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் மூன்று முறை மேற்கு வங்க முதல் மந்திரியாக இருந்தவர் அஜய் குமார் முகர்ஜி. வங்காளிகள் அவரை அஜய் பாபு என்று மரியாதையோடு அழைத்தனர். மூன்று முறை பதவி ஏற்றும் அவர் மொத்தத்தில் ஆண்ட காலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளே. ஆயினும் தேர்தல் அரசியலை அறிய விரும்புகிறவர்களுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு நல்ல பாடப் புத்தகம்.

யுத்த காலத்தில் தேர்தல் வந்தால் ஆளும் கட்சிக்கே வெற்றி என்று டீக்கடையிலும் ஆபீசிலும் பேசுவதைக் கேட்கிறோம். எல்லையில் குண்டு வெடிக்கும்போது மக்கள் தங்கள் குறைகளை மறந்து தலைவரின் கையை வலுப்படுத்துவார்கள் என்பது அந்தக் கணக்கு. அந்தக் கணக்கு எப்போது பலிக்கிறது, எப்போது பொய்க்கிறது என்பதை நான்கு யுத்தங்களைக் கண்ட அஜய் பாபுவின் கதையிலிருந்து அறியலாம்.

தாம்லுக்கின் பிள்ளை

ஹௌராவிலிருந்து சென்னை ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள் கோலாகாட் அருகே அகன்ற ரூப்நாராயண் நதியைப் பாலத்தில் கடப்பார்கள். அந்த நதியை ஒட்டித் தெற்கே இருக்கிறது தாம்லுக் நகரம். பழைய காலத்தில் தாம்ரலிப்தி என்ற பெயரில் இலங்கைக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் கப்பல் அனுப்பிய துறைமுகம் அதுவே. அங்கே 1901-ம் ஆண்டு ஏப்ரலில் அஜய் முகர்ஜி பிறந்தார்.

இளமையிலேயே காந்தியடிகளின் வழியில் சென்று கதர் அணிந்து காங்கிரஸ் தொண்டரானார். பலமுறை சிறை கண்டார். அவருடைய தம்பி விஸ்வநாத் முகர்ஜியோ கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். தம்பியின் மனைவி கீதா முகர்ஜி பிற்காலத்தில் பான்ஸ்குடா தொகுதியிலிருந்து ஏழு முறை லோக்சபாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே வீட்டில் காங்கிரசும் கம்யூனிசமும் வளர்ந்த குடும்பம் அது.

ஓட்டு இல்லாத யுத்தம்

இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது இந்தியர்களைக் கேட்காமலேயே இந்தியா யுத்தத்தில் சேர்க்கப்பட்டது. 1937-ல் மாகாண சட்டசபைகளுக்குத் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1946-ல்தான் வந்தது. வங்காளத்திலும் சரி, நம் சென்னை மாகாணத்திலும் சரி, யுத்தம் நடந்த ஆண்டுகளில் மக்கள் தங்கள் அபிப்பிராயத்தை ஓட்டாகச் சொல்ல வழியில்லை.

வழியில்லாத இடத்தில் மக்கள் வேறு வழி கண்டனர். ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் வெள்ளையர் சர்க்கார் மேதினிப்பூர் ஜில்லாவின் கடலோரத்தில் படகுகளைப் பறிமுதல் செய்தது. படகு போனால் மீனவனுக்குப் பிழைப்பு இல்லை. நெல் ஏற்றிப் போக வாகனமும் இல்லை. இந்த ஆத்திரத்தோடு ஆகஸ்டு இயக்கமும் சேர்ந்துகொண்டது. 1942 செப்டம்பர் 29-ல் தாம்லுக்கில் தேசியக் கொடியுடன் ஊர்வலமாகச் சென்ற மாதங்கினி ஹாஸ்ரா என்ற 70 வயது கடந்த மூதாட்டி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அவருடைய சிலையை நம்மவர்கள் கொல்கத்தா மைதானத்தில் பார்த்திருப்பார்கள். அடுத்த மாதமே பெரும் புயல் வீசி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அந்த ஆண்டு டிசம்பர் 17-ல் தாம்லுக்கில் தாம்ரலிப்த தேசிய சர்க்கார் என்ற போட்டி அரசாங்கம் தோன்றியது. சதீஷ் சந்திர சாமந்தா அதன் முதல் தலைவர். அவர் கைதான பின்பு தலைமை அஜய் பாபுவிடம் வந்தது. தலைமறைவாக இருந்தபடியே அவர்கள் பஞ்சாயத்து வைத்து வழக்குத் தீர்த்தார்கள். புயலில் அழிந்தவர்களுக்கு அரிசியும் துணியும் கொடுத்தார்கள். 1943-ல் வங்காளத்தைப் பஞ்சம் பிடித்தது. அதில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. 1944-ல் அந்த சர்க்கார் கலைக்கப்படும் வரை அஜய் பாபு கண்ட காட்சி ஒன்றே. பசித்தவன் உலகப் போரின் வெற்றி தோல்வியைப் பற்றி நினைப்பதில்லை. அடுத்த வேளைக் கஞ்சியைத்தான் நினைக்கிறான்.

இங்கிலாந்திலும் இதே பாடம் நடந்தது. ஹிட்லரை வென்ற சர்ச்சிலை 1945 ஜூலைத் தேர்தலில் அந்நாட்டு மக்கள் பதவியிலிருந்து இறக்கினர். யுத்தத்தை ஜெயித்ததற்கு நன்றி செலுத்தினார்கள். வீடும் வேலையும் தருவார் என்று நம்பி வேறொருவருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

சீன யுத்தமும் அரிசியும்

சுதந்திரத்துக்குப் பின் அஜய் பாபு டாக்டர் ராயின் மந்திரிசபையில் நீர்ப்பாசன மந்திரியானார். ராய் 1962 ஜூலையில் காலமானார். பிரபுல்ல சந்திர சென் முதல் மந்திரியானார். அதே ஆண்டு அக்டோபரில் சீன யுத்தம் மூண்டது. நாடெங்கும் தேசபக்தி வெள்ளமாகப் பெருகியது. பெண்கள் நகைகளைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தனர். தமிழ்நாட்டில் அண்ணாதுரை திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கி வைத்தார். வங்காளத்தில் கம்யூனிஸ்டுகள் பலர் சீனாவின் நண்பர்கள் என்ற சந்தேகத்தில் சிறையில் அடைக்கப்பட்டனர். ஜோதி பாசுவும் அவர்களில் ஒருவர்.

ஆனால் ஏழு மாதம் கூட ஆகவில்லை. 1963 மே மாதம் நடந்த லோக்சபா இடைத் தேர்தல்களில் ஆச்சாரிய கிருபளானி, ராம் மனோகர் லோகியா, மினு மசானி என்ற மூன்று எதிர்க்கட்சித் தலைவர்கள் வென்று வந்தனர். யுத்த உணர்ச்சி ஆளும் கட்சிக்குக் கை கொடுக்கவில்லை.

அதன்பின் வந்தது காமராஜ் திட்டம். பதவியில் இருப்பவர்கள் பதவியை விட்டுக் கட்சியை வளர்க்க வர வேண்டும் என்ற திட்டம் அது. அக்காலத்தில்தான் அஜய் பாபுவும் மந்திரி பதவியை விட்டு ஸ்தாபன வேலைக்கு வந்து, மாகாணக் காங்கிரஸ் தலைவரானார். ஆனால் வங்காளக் காங்கிரசில் உண்மையான அதிகாரம் அதுல்ய கோஷின் கையில் இருந்தது. இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1966 ஜனவரியில் அஜய் பாபு தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 65 வயதை நெருங்கிய அந்த மனிதர் வீட்டில் உட்காராமல் பங்களா காங்கிரஸ் என்ற தனிக் கட்சியைத் தொடங்கினார். பின்னாளில் ஜனாதிபதியான பிரணாப் முகர்ஜி அரசியலில் கால் வைத்தது இந்தக் கட்சியில்தான்.

ஆராம்பாக்கும் விருதுநகரும்

1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் யுத்தம் நடந்தது. கரக்பூர் அருகே உள்ள கலாய்குண்டா விமான தளத்தின் மேல் பாகிஸ்தான் விமானங்கள் குண்டு வீசின. அஜய் பாபுவின் சொந்த ஜில்லாவுக்கே யுத்தம் வந்துவிட்டது. லால் பகதூர் சாஸ்திரியின் புகழ் உச்சிக்குப் போயிற்று.

அந்தப் புகழ் வங்காளத்தில் உலையில் போட உதவவில்லை. கல்கத்தாவில் ரேஷன் வந்தது. கிராமத்து நெல்லை ஜில்லா விட்டு ஜில்லா கொண்டுபோகத் தடை வந்தது. பால் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, சானாவில் செய்யும் சந்தேஷ், ரசகுல்லா முதலிய மிட்டாய்களுக்கே 1965-ல் சென் சர்க்கார் தடை போட்டது. வங்காளியின் சந்தேஷில் கை வைத்தவர் ஓட்டுக் கேட்பது எப்படி? 1966 பிப்ரவரியில் பசீர்ஹாட் பகுதியில் அரிசியும் மண்ணெண்ணெயும் கேட்டுக் கிளர்ச்சி எழுந்தது. போலீஸ் சுட்டதில் நூருல் இஸ்லாம் என்ற பள்ளி மாணவன் இறந்தான். கிளர்ச்சி மாநிலம் முழுவதும் பரவியது.

1967 பிப்ரவரித் தேர்தலில் அஜய் பாபு முதல் மந்திரி சென்னையே அவருடைய ஆராம்பாக் தொகுதியில் எதிர்த்து நின்றார். ஆராம்பாக்கின் காந்தி என்று பெயர் பெற்றவர் சென், எளிமையானவர், நேர்மையில் குறை சொல்ல முடியாதவர். இருந்தும் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அதே தேர்தலில் விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே ஹிந்தி எதிர்ப்பும், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியும். இங்கே லெவியும் ரேஷன் கியூவும். மாநிலத்துக்கு மாநிலம் காரணம் வேறு. அரிசி மட்டும் இரண்டு இடத்திலும் பொது. பாங்குராவில் அதுல்ய கோஷும் தோற்றார்.

280 இடங்களில் காங்கிரசுக்கு 127-தான் கிடைத்தது. பங்களா காங்கிரஸ் 34 இடம் பெற்றது. ஐந்தாண்டுக்கு முன் தேசத் துரோகிகள் என்று தூற்றப்பட்ட கம்யூனிஸ்டுகளில் மார்க்சிஸ்ட் கட்சி மட்டும் 43 இடங்களில் வென்றது. எல்லோரும் சேர்ந்து ஐக்கிய முன்னணி அமைத்தனர். அஜய் பாபு முதல் மந்திரி. ஜோதி பாசு துணை முதல் மந்திரி. அண்ணனின் மந்திரிசபையில் தம்பி விஸ்வநாத்தும் இடம் பெற்றார்.

தன் சர்க்காரை எதிர்த்தே சத்தியாக்கிரகம்

அந்த மந்திரிசபையை 1967 நவம்பரில் கவர்னர் தர்மவீரா கலைத்தார். 1969 பிப்ரவரியில் மறுபடி தேர்தல் நடந்தது. கலைக்கப்பட்டவர்கள் மீது மக்களுக்கு அனுதாபம் இருந்தது. ஐக்கிய முன்னணி 200-க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. அஜய் பாபு இரண்டாம் முறை முதல் மந்திரியானார்.

அந்த ஆண்டு மே மாதம் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். சீன யுத்தத் தோல்விக்குப் பொறுப்பாக்கப்பட்டு 1962-ல் பாதுகாப்பு மந்திரி பதவியை இழந்தவர் கிருஷ்ண மேனன். 1967-ல் பம்பாயில் தோற்றவர். அவர் மேதினிப்பூர் லோக்சபா இடைத் தேர்தலில் ஐக்கிய முன்னணியின் ஆதரவுடன் சுயேச்சையாக நின்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். வங்காளி அல்லாதவர், யுத்தத்தில் பெயர் கெட்டவர் என்பதையெல்லாம் மேதினிப்பூர்க் குடியானவர்கள் பொருட்படுத்தவில்லை. தங்கள் முன்னணியின் வேட்பாளர் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் முன்னணிக்குள் சண்டை முற்றியது. வயலில் அறுவடைக்காக அடிதடி; ஆலைகளில் கெரோ; கட்சிக்குக் கட்சி கொலை. போலீஸ் இலாகா ஜோதி பாசுவிடம் இருந்தது. சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று அஜய் பாபு சொன்னார்; குடியானவன் தன் உரிமையைக் கேட்கிறான் என்று மார்க்சிஸ்டுகள் சொன்னார்கள். 1969 டிசம்பர் முதல் தேதி, எஸ்பிளனேட் டிராம் நிலையத்துக்கு அருகே உள்ள கர்சன் பார்க்கில் முதல் மந்திரி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். தன் சர்க்காரை எதிர்த்துத் தானே சத்தியாக்கிரகம் செய்த முதல் மந்திரியை இந்தியா அதற்கு முன் கண்டதில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் கண் கலங்கினார்கள். 1970 மார்ச்சில் அவர் ராஜினாமா செய்தார்.

மூன்று மாத முதல் மந்திரி

1971 மார்ச்சில் மறுபடி தேர்தல். அப்போது நக்சலைட்டுகளின் தாக்குதல், போலீசின் பதிலடி, கட்சிகளின் பழிவாங்கல் என்று கல்கத்தாவின் சந்துகளில் ரத்தம் ஓடிற்று. ஓட்டுப் பதிவுக்கு மூன்று வாரம் முன்பு பார்வர்டு பிளாக்கின் முதிய தலைவர் ஹேமந்த பாசு பட்டப்பகலில் கொல்லப்பட்டார். மாலை ஆறு மணிக்கு மேல் ஆபீசிலிருந்து வீடு திரும்புவதற்கே குமாஸ்தாக்கள் பயந்த காலம் அது.

லோக்சபாத் தேர்தலில் இந்திரா காந்தி நாடெங்கும் பெரும் வெற்றி பெற்றார். அதே நாளில் ஓட்டளித்த மேற்கு வங்கம் சட்டசபையில் எவருக்கும் மெஜாரிட்டி தரவில்லை. மார்க்சிஸ்டுகளும் காங்கிரசும் ஆளுக்கு நூறைத் தாண்டினார்கள். பங்களா காங்கிரசுக்குக் கிடைத்தது ஐந்தே இடம். ஆனாலும் காங்கிரஸ் ஆதரவுடன் ஏப்ரலில் அஜய் பாபுவே மூன்றாம் முறை முதல் மந்திரியானார்.

அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 25-ம் தேதி இரவில், டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் மக்களைச் சுடத் தொடங்கியிருந்தது. எல்லை கடந்து அகதிகள் வந்த வண்ணம் இருந்தனர். மொத்தம் சுமார் ஒரு கோடிப் பேர் வந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் மேற்கு வங்கத்தில் தங்கினர். சால்ட் லேக்கின் வெட்டவெளியில் பெரிய முகாம் எழுந்தது. காலரா பரவியது. பஞ்சத்தை முன்பே கண்ட அஜய் பாபு மறுபடி கஞ்சித் தொட்டிகளைக் கண்டார். ஆனால் அவருடைய மெஜாரிட்டி நூலில் தொங்கியது. ஜூன் இறுதியில் மந்திரிசபை போயிற்று, சட்டசபையும் கலைந்தது, ஜனாதிபதி ஆட்சி வந்தது. டெல்லி மந்திரியாக இருந்த சித்தார்த்த சங்கர் ரே வங்க விவகாரங்களைக் கவனித்தார். அஜய் பாபு தம் கட்சியோடு காங்கிரசுக்கே திரும்பினார்.

1972-ன் அலை

டிசம்பர் யுத்தம் 13 நாளில் முடிந்தது. டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அந்த யுத்தத்தை நடத்திய கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் கல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் இருந்தது. வங்க தேசத்தின் தற்காலிக அரசாங்கமே தியேட்டர் ரோட்டில்தான் இயங்கியது. வெற்றி கல்கத்தாவின் வீட்டு வாசலில் நடந்தது போலவே இருந்தது. 1972 பிப்ரவரி 6-ல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் இந்திரா காந்தியுடன் பிரிகேட் மைதானத்தில் தோன்றியபோது கூடிய கூட்டம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தது.

ஐந்து வாரம் கழித்து, மார்ச்சில், தேர்தல். காங்கிரஸ் 280-ல் 216 இடங்களைப் பிடித்தது. முந்தைய ஆண்டு நூறைத் தாண்டிய மார்க்சிஸ்டுகள் 14 இடத்துக்கு வந்தார்கள். பராநகரில் ஜோதி பாசுவே தோற்றார். அஜய் பாபு தாம்லுக்கில் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார்.

இது யுத்த வெற்றிக்குக் கிடைத்த ஓட்டு மட்டும்தானா? வலது கம்யூனிஸ்டுகள் இம்முறை காங்கிரசுடன் உடன்பாடு கண்டு 35 இடம் பெற்றார்கள். எதிர்ப்பு ஓட்டு சிதறியது. கொலைகளால் சலித்த நடுத்தரக் குடும்பங்கள் அமைதி வேண்டினார்கள். மூடிய ஆலைகள் திறக்க வேண்டும் என்று தொழிலாளி விரும்பினான். அகதிகள் ஊர் திரும்பிய நிம்மதி வேறு. இன்னொரு காரணமும் பேசப்பட்டது. பல வாக்குச் சாவடிகளில் பலாத்காரமும் முறைகேடும் நடந்தன என்று மார்க்சிஸ்டுகள் குற்றம் சாட்டி, ஐந்தாண்டு காலம் சட்டசபைக்கே போகாமல் இருந்தார்கள். அந்தத் தேர்தலைப் பற்றிய தகராறு இன்று வரை ஓயவில்லை.

அதே மாதம் நடந்த வேறு தேர்தல்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மகாராஷ்டிரம், பீகார், ஆந்திரம், மைசூர் எல்லாம் காங்கிரசுக்கே போயின. ஆனால் மேகாலயத்தில் காங்கிரஸ் வெல்லவில்லை. வங்க தேச எல்லையை ஒட்டிய மாநிலம் அது. அகதிகள் அங்கேயும் வந்தார்கள். யுத்தச் சத்தத்தை அவர்களும் கேட்டார்கள். ஆனாலும் தனி மாநிலம் வாங்கித் தந்த மலைவாசிகள் கட்சிக்கே அவர்கள் ஓட்டளித்தார்கள். மணிப்பூரில் எவருக்கும் மெஜாரிட்டி இல்லை. கோவாவில் உள்ளூர்க் கட்சியே ஜெயித்தது. ஒரே யுத்தம், ஒரே மாதம், ஒரே பிரதமர். தீர்ப்பு மட்டும் இடத்துக்கு இடம் வேறாயிற்று. யுத்த உணர்ச்சி என்ற காற்று எல்லாத் தோணிக்கும் ஒன்றாகத்தான் வீசுகிறது. பாய் விரித்திருக்கும் தோணிதான் நகர்கிறது. வங்காளத்தில் பயமும் சலிப்பும் கட்சி உடன்பாடும் பாயை விரித்து வைத்திருந்தன.

வடிந்த வெள்ளம்

அலை கொண்டு வந்ததை அலையே கொண்டு போயிற்று. யுத்தச் செலவும் விலைவாசியும் ஏறின. 1975-ல் நெருக்கடி நிலை வந்தது. 1977 ஜூன் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் 216-லிருந்து 20-க்கு இறங்கியது. மார்க்சிஸ்டுகள் 178 இடம் பெற்றனர். அஜய் பாபுவின் பழைய துணை முதல் மந்திரி ஜோதி பாசு, முதல் மந்திரியாகி 23 ஆண்டு ஆண்டார். டாக்கா வெற்றியை அப்போது எவரும் ஓட்டுக்காக நினைவூட்டவில்லை.

1977-ல் அஜய் பாபுவுக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. 1986 மே மாதம், 85-ம் வயதில், அவர் காலமானார்.

அவர் மறைந்த பின்னும் இந்தப் பாடம் மாறவில்லை. 1999-ல் கார்கில் யுத்தத்துக்குப் பின் நடந்த லோக்சபாத் தேர்தலில் வாஜ்பாய் வென்றார். ஆனால் அதே தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில் அவருடைய கட்சி 57 இடத்திலிருந்து 29-க்கு இறங்கியது. மலைமுகட்டில் பெற்ற வெற்றியால் மாநில ஆட்சி மீதிருந்த அதிருப்தியையும் கட்சிக்குள் இருந்த பூசலையும் மறைக்க முடியவில்லை.

வேற்று மாநிலத்தில் ஓட்டுரிமை பெற்று வாழும் நமக்கு இது பயன்படும் செய்தி. தேசத்தின் மேல் அன்பு எல்லோருக்கும் உண்டு. அது எந்தக் கட்சிக்கும் சொந்தமல்ல. தன் மாநிலத்தில் அரிசி என்ன விலை, ஆலை திறந்திருக்கிறதா, இரவில் பயமில்லாமல் வீடு திரும்ப முடிகிறதா என்று கேட்டு ஓட்டளிப்பவனும் தேசபக்தனே. காங்கிரசிலும் காங்கிரசுக்கு எதிரிலும் நின்று பார்த்த அஜய் பாபு, அந்தக் கேள்விகளுக்கு மக்கள் சொன்ன பதிலால் மூன்று முறை உயர்ந்தார். மூன்று முறையும் இறங்கினார். பதவிக்காகத் தாம்லுக் மக்களை அவர் விட்டு விலகவில்லை. அவர்களும் கட்சி மாறினார் என்று அவரைக் கைவிடவில்லை.